பழைய கோடரியை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருதல்: முழுமையான வழிகாட்டி

தாத்தாவோ தந்தையோ பயன்படுத்திய கோடரி ஒன்று பரணிலோ மாட்டுக்கொட்டகையின் மூலையிலோ துருப்பிடித்து, காம்பு உடைந்து கிடக்கும் நிலையில், அதை மீண்டும் மரம் வெட்டும் கருவியாக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளூர்க் கொல்லப்பட்டறையில் அடிக்கப்பட்ட வீட்டுக் கோடரியையே மனத்தில் வைத்திருக்கிறேன்.

இவ்வேலையை முதன்முதலாகச் செய்கிறவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒவ்வொரு வேலையையும் ஓரளவு சரியாகவே செய்கிறார்கள், வரிசையில்தான் தவறுகிறார்கள். காம்பு போடுவதற்கு முன்பே வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, சவரக்கத்தி போலத் தீட்டிவிட்டுக் கையைக் கிழித்துக்கொள்வதும், கோடரித் தலையைச் சுத்தம் செய்து முடித்த பிறகு மரம் தேடப் புறப்பட்டுப் பச்சைக் கொம்போடு திரும்புவதும் அடிக்கடி நடப்பவை. ஆகவே கீழே உள்ள பகுதிகளை எண் வரிசைப்படியே பின்பற்றுங்கள்.

1. முதலில் மரம், பிறகுதான் இரும்பு

காம்புக்கான மரம் காய்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரும்பு வேலைக்கு இரண்டு நாள் போதும். எனவே கோடரியைத் தொடுவதற்கு முன் மரத்தைத் தேடிக் காயப் போட்டுவிட வேண்டும்.

சமவெளியில் எளிதாகக் கிடைப்பவற்றுள் என் முதல் தேர்வு நாட்டுக் கருவேலம். கனமும் கடினமும் உடைய அந்த மரம் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும் என்பதால்தான் ஏர், வண்டி, கருவிக் காம்பு ஆகியவற்றுக்கு அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மலையடிவாரப் பகுதிகளில் சடச்சி மரம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. வளைந்து நிமிரும் தன்மை அதற்கு அதிகம். தேக்கு பார்க்க அழகாக இருந்தாலும் அடி வாங்கும் காம்புக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் திடீர் அதிர்ச்சியில் அது முறிந்துவிடக்கூடியது.

மரத்தை அறுத்து எடுப்பதைவிடப் பிளந்து எடுப்பதே மேல். பிளவு எப்போதும் நாரின் போக்கிலேயே செல்லும் என்பதால், பிளந்த துண்டில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். அறுத்த துண்டிலோ நார் பக்கவாட்டில் சரிந்து பாதியிலேயே வெளியேறியிருக்கலாம். காம்பு முறியும்போது பெரும்பாலும் அந்தச் சரிவில்தான் முறிகிறது. கணு உள்ள துண்டையும், உள்வெடிப்புக் கண்ட துண்டையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

துண்டின் இரு முனைகளிலும் பழைய பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால், பூசாவிட்டால் நடுப்பகுதி காய்வதற்குள் முனைகள் வெடித்துவிடும். பிறகு நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் கிடையாக வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடைபோட்டு, துண்டின் மேலேயே குறித்துவாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். தொட்டுப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் சொல்கிறவர்களைவிடத் தராசை நம்பலாம்.

பச்சை மரத்தில் காம்பு போட்டால் முதல் நாள் அது கல் போல இறுகியிருக்கும். சில வாரங்களில் மரம் சுருங்கி, ஆப்பும் தளர்ந்து, ஓங்கும்போது தலை கழன்று பறக்கும்.

காத்திருக்க இயலாதவர்கள் இரும்புக்கடையில் ஆயத்தக் காம்பை வாங்கலாம். அங்கும் ஒரே ஒரு காம்பை எடுத்துப் பணம் கொடுத்துவிடாமல், பத்துக் காம்புகளை வெளிச்சத்தில் நீளவாக்கில் பார்த்து, நேராகவும் நார் சரியாமலும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பத்து அங்குலத் தட்டை அரம் ஒன்று, காம்புத் துளைக்குள் நுழையும் அரைவட்ட அரம் ஒன்று, மர அரம் ஒன்று, உளி, கொட்டாப்புளி, இரும்பு அறுக்கும் வாள், மர வாள், கைத் துளைக்கருவி, சொரசொரப்பும் நயமும் இரு பக்கங்களில் உள்ள சாணைக்கல், 80, 120, 240 எண் உப்புத்தாள்கள், கம்பி பிரஷ். கோடரித் தலையை அசையாமல் பிடிக்க ஒரு பெஞ்ச் வைஸ் வேண்டும். அது இல்லாதவர்கள் கனமான பலகையில் இரண்டு கிளாம்ப் வைத்தும் சமாளிக்கலாம்.

இவற்றோடு 2 அல்லது 3 லிட்டர் வெள்ளை வினிகர், தலை முழுவதும் மூழ்கும் பிளாஸ்டிக் தொட்டி, சமையல் சோடா, ஆளிவிதை எண்ணெய், கண்ணாடி, முகக்கவசம், தடித்த தோல் கையுறை. அரம் பழையதாக இருந்தால் புதிது வாங்கிவிடுங்கள். மழுங்கிய அரத்தோடு போராடிச் சலித்த பிறகே பலரும் கிரைண்டரைத் தேடிப் போகிறார்கள். அங்கிருந்துதான் பெரிய சேதம் தொடங்குகிறது.

3. மீட்கத் தக்கதா என்று பார்த்தல்

காம்பு ஏற்கெனவே இல்லாத தலையானால் காம்புத் துளை வழியாகக் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, ஒரு ஆணியாலோ சிறு சுத்தியலாலோ மெல்லத் தட்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் நல்லது. ஒலி செத்துப்போய் வந்தால் எங்கோ விரிசல் இருக்கக்கூடும். துளையின் இரு பக்கச் சுவர்களையும் மண்ணெண்ணெயால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விரிசல் கண்ணில் பட்டுவிடும். துளைச் சுவரில் விரிசல் கண்ட தலைக்குக் காம்பு போடக் கூடாது. ஆப்பு இறங்கும்போது ஏற்படும் அழுத்தம் அந்த இடத்தில்தான் சேரும். உடைந்த துளை கோடரியை எந்தத் திசையில் அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, வாயில் நல்ல எஃகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய வேண்டும். பட்டறைக் கோடரிகளில் இரண்டு வகை உண்டு. உடல் முழுவதும் மிருதுவான இரும்பாகவும், வாய்ப்பகுதியில் மட்டும் எஃகு வைத்துப் பற்றவைத்து அடித்ததாகவும் இருப்பது ஒரு வகை. லாரிப் பட்டை போன்ற ஒரே எஃகிலிருந்து முழுத் தலையையும் அடித்து, வாயை மட்டும் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியது இன்னொரு வகை. எதுவானாலும் கடினமான பகுதி வாயிலிருந்து சிறிது தூரத்துக்குத்தான் இருக்கும்.

அரத்தை வாயின் ஓரத்தில் மெல்ல ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு சென்றால், அல்லது சிரமப்பட்டே பற்றினால், எஃகு இருக்கிறது. வெண்ணெயில் கத்தி போல இறங்கினால், பல்லாண்டுகள் தீட்டித் தீட்டி எஃகு தேய்ந்து முடிந்துவிட்டது, அல்லது எப்போதோ நெருப்பில் விழுந்து பதம் (கொல்லர் ஏற்றிய கடினம்) போய்விட்டது என்று பொருள். அப்படிப்பட்ட தலையை வீட்டில் மீட்க முடியாது. புதிதாக எஃகு வைத்து அடித்துத் தரத் தெரிந்த கொல்லரிடம் கொண்டுபோவதே முறை.

இறுதியாகத் தலையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காம்பின் நீளத்தை முடிவு செய்ய அது தேவைப்படும்.

4. உடைந்த காம்பை வெளியே எடுத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். துளைக்குள் சிக்கிய கட்டையை எடுக்க, கோடரித் தலையை அடுப்பில் போட்டு எரிக்கும் வழக்கம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. கட்டை எரிந்து சாம்பலாக உதிர்ந்துவிடும் என்பது உண்மைதான். கூடவே கொல்லர் கொடுத்த பதமும் போய்விடும்.

கொல்லர் வாயைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, பிறகு மிதமாகச் சூடாக்கி நிதானப்படுத்துகிறார். பட்டறையில் இதைத் துவைச்சல் என்பார்கள். நிதானப்படுத்தும் சூடு ஏறத்தாழ 220 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். அதற்கு மேல் சூடு ஏறினால் எஃகு மேலும் மேலும் மிருதுவாகிக்கொண்டே போகும். விறகுத் தணலின் சூடோ 600 டிகிரியை எளிதாகத் தாண்டும். அரைமணி நேரம் அடுப்பில் கிடந்த கோடரியை எவ்வளவு அழகாகத் தீட்டினாலும், நான்கு வெட்டில் வாய் மடிந்துவிடும்.

வாயை ஈரமண்ணில் புதைத்துவிட்டுத் துளைப்பகுதியை மட்டும் எரிப்பது பழைய தற்காப்பு முறை. கவனமுள்ளவர்கள் அதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் துளைக்கருவி கையில் இருக்கும்போது அந்த அபாயத்தை ஏற்க எந்தக் காரணமும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். காம்பில் பாதி மிஞ்சியிருந்தால் முதலில் அதன் நீளம், வளைவு, பருமன் ஆகியவற்றை ஒரு அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். அதைப் பிடித்தவரின் உயரத்துக்கும் கைக்கும் ஏற்றவாறு செதுக்கப்பட்ட அளவு அது, வேறு எங்கும் கிடைக்காது. பிறகு தலைக்கு அடியில் ஒட்டினாற்போல் காம்பை அறுத்துவிடுங்கள். தலையை வைஸில் பிடித்து, துளைக்குள் உள்ள கட்டையில் அருகருகே பல துளைகள் இட்டால் மரத்தின் இறுக்கம் தளரும். உள்ளே பழைய ஆணிகளோ இரும்பு ஆப்போ இருக்கலாம். துளைக்கருவி திடீரென்று கிறீச்சிட்டால் நிறுத்தி, இடத்தை மாற்றுங்கள்.

பின்னர் காம்பு இருந்த அடிப்பக்கத்திலிருந்து மேற்பக்கம் நோக்கி ஒரு கடினமான கட்டையை வைத்துத் தட்டி வெளியேற்றுங்கள். திசை முக்கியம். காம்பைக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடித்த வகையானாலும், மண்வெட்டி போல மேலிருந்து காம்பைச் சொருகிய வகையானாலும், துளை மேற்பக்கம்தான் அகன்றிருக்கும். எதிர்த்திசையில் அடித்தால் கட்டை இன்னும் இறுகும்.

வெளியே எடுத்த பிறகு துளையை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஆப்பின் தடயமே இல்லாமல், துளை ஒரே சீராக மேல்நோக்கி அகன்றிருந்தால் உங்களுடையது சொருகு வகை.

5. துருவை நீக்குதல்

முதலில் மண்ணெண்ணெயால் துடைத்து, சவர்க்கார நீரில் கழுவிக் காய வையுங்கள். பழைய எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் வினிகர் வேலை செய்யாது. தலையில் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்காமல், நனைத்துச் சுரண்டி எடுங்கள்.

பிறகு தலை முழுவதும் மூழ்கும்படி வினிகரில் போடுங்கள். பாதி மூழ்கிய நிலையில் விட்டால் திரவத்தின் மேல்மட்டம் இருந்த இடத்தில் அரிப்புக் கோடு ஒன்று விழுந்துவிடும், அது பிறகு போகவே போகாது. 12 மணி நேரம் கழித்து எடுத்து, கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். துரு இன்னும் இருந்தால் மீண்டும் போடலாம். ஆனால் மொத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள், ஏனெனில் துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பை அரிக்கத் தொடங்கும். புளிக்கரைசலும் துருவைக் கரைக்கும், என்றாலும் அதன் வலிமை கரைப்பவரின் கையைப் பொறுத்து மாறுவதால் நேரத்தைக் கணிக்க முடியாது.

கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பயன்படுத்தவே வேண்டாம். அது துருவோடு இரும்பையும் தின்னும், கடினப்படுத்திய எஃகை நொறுங்கும் தன்மை உடையதாக்கக்கூடும், அதன் புகை அறையில் உள்ள மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

எடுத்தவுடன் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் சில நிமிடம் காட்டி, மெல்லிய எண்ணெய் பூசிவிடுங்கள். இந்த நான்கு செயல்களுக்கும் நடுவே தேநீர் குடிக்கப் போனால்கூடச் செம்மஞ்சள் நிறத்தில் புதுத் துரு படர்ந்திருக்கும்.

வினிகரிலிருந்து வந்த தலையில், வாயோரம் ஒரு நிறமாகவும் உடல் வேறு நிறமாகவும் தெரிவதுண்டு. எஃகு முடிந்து இரும்பு தொடங்கும் எல்லை அதுதான். அதை ஒரு கைப்பேசிப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குத் தீட்டலாம் என்பதை அது சொல்லும்.

துரு போன பிறகும் கன்னங்களில், அதாவது தலையின் இரு பக்கப் பரப்புகளில், கருமையான படலம் ஒன்று இருக்கும். அதை விட்டுவிடுங்கள். அந்தப் படலம் கருவிக்குத் தீங்கு செய்வதில்லை. அதைச் சுரண்டி வெள்ளி போல மின்ன வைத்தால் கொல்லரின் சுத்தியல் தடங்களும், அவர் குத்திய அடையாளமும், உரியவர் உளியால் வெட்டிய முதலெழுத்தும் சேர்ந்தே போய்விடும். தலைமுறை கடந்து வந்த கருவியில் அவர்கள் கையெழுத்தென்று இருப்பது அவ்வளவுதான். அதை அழிக்கும் உரிமை நமக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

6. உடலையும் வாயையும் திருத்துதல்

கோடரியின் முதுகைச் சுத்தியலாகப் பயன்படுத்தியிருந்தால் அதன் விளிம்பு காளான் போல வெளியே பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கத்தை அரத்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். அடிபடும்போது அதிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் குத்தக்கூடும். துளையின் அடிப்பக்க விளிம்பு கூராக இருந்தால் அரைவட்ட அரத்தால் சற்றே மழுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அந்த விளிம்பு காம்பைச் சுற்றி அறுத்து, முறிவுக்கு வழி செய்யும்.

வாயைத் திருத்தும்போது அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். அரத்தின் பற்கள் ஒரு திசையில்தான் வெட்டும். இழுக்கும்போது அழுத்துவது பற்களை மழுக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் பற்களில் அடைக்காது. கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், ஏனெனில் கை வழுக்கினால் போய் நிற்கும் இடம் வாய்தான்.

வாயில் பல்லுடைந்தது போன்ற வெடிப்புகள் இருந்தால், அந்த இடத்தை மட்டும் குடைந்து தேய்க்காமல், வளைவு முழுவதையும் ஒரே அளவு பின்னுக்குக் கொண்டுவாருங்கள். வேண்டிய வளைவை அட்டையில் வெட்டி வைத்து அவ்வப்போது ஒப்பிடலாம். பல ஆண்டுகள் ஓரத்தை மட்டுமே தீட்டிவந்த கோடரிகளில் வாய்க்குப் பின்னால் கன்னம் தடித்திருக்கும். அது மரத்தில் இறங்காமல் துள்ளும். அப்படியானால் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை கன்னத்தையும் விசிறி வடிவில் தேய்த்து மெலிதாக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் கன்னத்தில் பூசிவிட்டுத் தேய்த்தால், அரம் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரியும். நிறைய நேரம் எடுக்கும் வேலை இது. ஆனால் கோடரியின் வெட்டும் திறனை மிகுதியாக மாற்றுவதும் இதுதான்.

இரு பக்கமும் சேர்ந்த வாயின் கோணம் பொதுவான வேலைக்கு ஏறத்தாழ 30 பாகை இருக்கட்டும். ஒரு தாளின் செங்கோண மூலையைச் சமமாக மூன்றாக மடித்தால் 30 பாகை கிடைத்துவிடும். அந்த அளவில் அட்டையில் ஒரு வெட்டு வெட்டி, அதற்குள் வாயை நுழைத்துப் பார்த்துக்கொண்டே தேயுங்கள். கருவேலம், புளி போன்ற கடின மரங்களையே வெட்டப் போகிறவர்கள் 35 பாகை வரை போகலாம். மெல்லிய வாய் கடின மரத்தில் சிதையும்.

கிரைண்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மெல்லிய ஓரத்தில் சக்கரம் பட்டால் சில நொடிகளில் நீல நிறம் ஓடிவிடும். அந்த நீலம் சூடு ஏறத்தாழ 300 டிகிரியை எட்டியதன் அடையாளம். அந்த இடத்தில் பதம் இறங்கியிருக்கும். சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதானால் கூடவே நின்று, அடிக்கொரு முறை நீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் கூர் தீட்டாதீர்கள். கோணம் அமைந்ததும் ஓரத்தை மழுங்கலாகவே விட்டு, ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டிவிடுங்கள். அடுத்த இரண்டு பகுதிகளிலும் தலையை இருபது முறையாவது கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

7. காம்பைச் செதுக்குதல்

பழைய காம்பின் அளவு கிடைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிடைக்காதவர்கள், ஒரு கிலோவுக்குக் குறைவான தலைக்கு 50 முதல் 60 சென்டிமீட்டரும், ஒன்றரைக் கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட தலைக்கு 75 முதல் 80 சென்டிமீட்டரும் வைக்கலாம்.

துண்டின் நான்கு பக்கங்களிலும் நடுக்கோடு வரைந்துவிட்டுத்தான் வாய்ச்சியையோ (மரம் செதுக்கும் தச்சர் கருவி) உளியையோ எடுக்க வேண்டும். கோடு இல்லாமல் தொடங்கினால் கண் ஏமாற்றும்; காம்பு கோணலான பிறகே தெரியவரும். முனையில் வளையக்கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அவை வாயின் திசையிலேயே ஓடும்படி துண்டைத் திருப்பி வையுங்கள். நம் நாட்டு மரங்கள் பலவற்றில் அவை மங்கலாகவே இருக்கும். அப்போது நீளவாக்கில் நார் நேராக ஓடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

காம்பின் குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருக்க வேண்டும். உருண்டையாகச் செதுக்கினால் கோடரியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கை உணராது. வெட்டும்போது தலை கையில் சுழலும். பிடியின் அடிமுனை சற்றே பருத்திருக்கட்டும், வியர்வையில் வழுக்கும் கை அங்கே நிற்கும்.

துளைக்குள் நுழையும் பகுதியில்தான் பொறுமை தேவை. தலையைக் காம்பின் முனையில் வைத்துத் துளையின் வடிவைப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே சற்று மிச்சம் விட்டுச் செதுக்குங்கள். பிறகு துளையின் உட்சுவரில் விளக்குக் கரியையோ அடுப்புக்கரிப் பொடியையோ பூசி, காம்பை நுழைத்து, லேசாகத் தட்டி, வெளியே எடுங்கள். கரி ஒட்டிய இடங்கள் மேடு. அந்த இடங்களை மட்டும் மர அரத்தால் தேய்த்து, மீண்டும் நுழைத்துப் பாருங்கள். பதினைந்து, இருபது முறை இப்படிச் செய்ய நேரும். ஏழாவது முறையில் சலித்துப்போய் ஒரேயடியாகச் செதுக்கிவிடுகிறவர்களே அதிகம்; அளவு குறைந்த காம்பைப் பெரிதாக்க வழியே இல்லை. துளைச் சுவரில் முக்கால் பங்குக்கு மேல் கரி சீராக மரத்தில் ஒட்டும்போது அளவு சரியாகிவிட்டது.

ஆப்பு வகைக் கோடரியானால், முனையின் நடுவில், வாயின் திசையில், துளை ஆழத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு வாளால் ஒரு வெட்டு வெட்டுங்கள். அதற்கு மேல் ஆழமாக வெட்டினால் பிளவு தலைக்கு அடியில் நீண்டு காம்பு பலவீனமடையும். குறைவாக வெட்டினால் ஆப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

8. தலையை ஏற்றி ஆப்பு அடித்தல்

புதியவர்கள் காம்பைத் தரையில் ஊன்றி, தலையின் மேல் சுத்தியலால் அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் தலையில் தழும்பு விழும், தலை நேராகவும் இறங்காது. சரியான முறை இதற்கு நேர்மாறானது. காம்பைத் தலைகீழாக, கோடரித் தலை கீழே தொங்கும்படி ஒரு கையால் காற்றில் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் ஓங்கி அடியுங்கள். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க முயலும், காம்பு அதற்குள் இறங்கும். ஒவ்வோர் அடிக்கும் தலை ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தலை முழுவதும் ஏறியதும், ஆப்பு அடிப்பதற்கு முன், காம்பின் அடிமுனையைக் கண்ணருகில் வைத்து நீளவாக்கில் பாருங்கள். வாயும் காம்பின் நடுக்கோடும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கழற்றி, துளைக்குள் சாய்வுக்குக் காரணமான மேட்டை எடுத்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். ஆப்பு அடித்துச் சாய்வைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பியவர்கள் யாரும் வெற்றிபெற்று நான் பார்த்ததில்லை.

ஆப்பு நன்றாகக் காய்ந்த கடின மரத்தில், வெட்டின் அகலம் முழுவதும் நிரப்பும்படி இருக்க வேண்டும். மெல்ல, சீராக அடியுங்கள். உள்ளே போகப் போக அடியின் ஒலி உயர்ந்துகொண்டே வரும்; ஒலி கூர்மையாகி ஆப்பு நகர்வது நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பையும் ஆப்பையும் தலையோடு ஒட்ட அறுக்காமல் ஒன்றரை நூல் (ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்) விட்டு அறுங்கள். ஆப்பினால் விரிந்த அந்த முனைதான் தலை கழன்று வராமல் தடுக்கும் பூட்டு. இரும்பு ஆப்பை இப்போதே அடிக்க வேண்டாம். பின்னாளில் தளர்ந்தால் அதுவே கைகொடுக்கும் வழி.

சொருகு வகையில் ஆப்பு கிடையாது. மேல்முனை பருத்த காம்பைத் துளையின் மேல்வழியாக நுழைத்து, அடிமுனையைப் பிடித்து இழுங்கள். பிறகு தலை மேலே இருக்க அடிமுனையைத் தரையிலுள்ள கட்டையில் குத்தினால் தலை தன் கனத்தால் கீழே இறங்கிக் காம்பின் பருமனில் இறுகும் என்று பலர் செய்கிறார்கள். அப்படிக் குத்தினால் தலை கைப்பக்கம் வழுக்கித் தளரும். இவ்வகையில் தலை வெளிமுனை நோக்கி நகரும்போதுதான் இறுகும். ஆகவே தலை கீழே தொங்க, அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டாமல், காம்பின் பருத்த மேல்முனை தரையைப் பார்த்திருக்கக் கட்டையால் தலையை அந்த முனை நோக்கி இரு பக்கமும் மாறி மாறித் தட்டி இறுக்குங்கள். வீசும்போதெல்லாம் அது மேலும் இறுகும்.

தளர்ந்த கோடரியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மரம் ஊறி உப்பும்போது இரும்பு விலகாது என்பதால் நார்கள் நசுங்குகின்றன. காய்ந்ததும் மரம் முன்பிருந்ததைவிடச் சிறிதாகிறது. இன்று ஊறப் போட்டவர் அடுத்த வாரமும் ஊறப் போட்டே ஆக வேண்டும், ஒவ்வொரு முறையும் காம்பு மேலும் மெலியும்.

9. கூர் தீட்டுதல்

இப்போதுதான் சாணைக்கல்லை எடுக்க வேண்டும். கோடரியை மடியில் வைக்காமல் பலகையில் பிடித்து, கல்லை நனைத்து, வாயின் மேல் சிறு வட்டங்களாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். நீளம் முழுவதும் பிசிறு எழும் வரை பக்கத்தை மாற்றாதீர்கள், ஏனெனில் பிசிறு எழாத இடத்தில் இரு பக்கங்களும் இன்னும் சந்திக்கவில்லை. சொரசொரப்பான பக்கத்தில் முடித்து, நயமான பக்கத்தில் மீண்டும் செய்து, பழைய தோல் வாரில் இழுத்துப் பிசிறை நீக்குங்கள். கூர்மையைத் தாளை வெட்டிப் பாருங்கள். வாயின் நீளத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

10. எண்ணெய்

காம்புக்கு ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடைகளில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும், காய்ச்சியது விரைவில் உலரும். மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் அடுத்த பூச்சு. நான்கைந்து பூச்சுகள் போதும். விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் உலராமல் பிசுபிசுக்கும் என்பதால் அவை காம்புக்கு ஆகா. இரும்புக்கு அவை நல்லவை. வார்னிஷ் பூசினால் உள்ளங்கை கொப்பளிக்கும். ஆயத்தக் காம்பில் இருந்தால்கூடச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியிடுகிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரம்பிய டப்பாவில் போட்டு மூடுங்கள்.

11. முதல் வேலை

தலை காம்பைத் தொடும் அடிவிளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முருங்கை, இலவம் போன்ற மிருதுவான மரத்தில் முதல் ஐம்பது வெட்டுகளைப் போடுங்கள். வீசும் திசையிலும் அதற்கு நேர் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பிறகு கோட்டைப் பாருங்கள். தலை நகர்ந்திருந்தால் 8ஆம் பகுதியில் சொன்னபடி மீண்டும் இறுக்கி, ஆப்பு வகையானால் ஆப்பையும் இன்னும் ஓர் அடி இறக்குங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறையும், கோடையில் வெயில் ஏறும்போது ஒருமுறையும், மழைக்காலம் முடிந்து காற்று உலரும்போது ஒருமுறையும் அதே கோட்டைப் பார்த்தால் போதும். மரம் சுருங்கி விரிவது அந்த நாட்களில்தான். மற்ற நாட்களில் வாயில் ரப்பர் உறையை மாட்டி, அடுப்பங்கரைச் சூடும் சுவரின் ஈரமும் படாத இடத்தில், தலை மேலிருக்கத் தொங்கவிட்டு வையுங்கள்.